கவாத்து வெட்டிய செடியும் நம் உடம்பின் குருத்தணுக்களும்

கிளைகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்த தேயிலைத் தோட்டத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் பதறிப்போவார்கள். முந்தின வாரம்வரை இடுப்பளவு பச்சையாக இருந்த சரிவு முழுவதும் வெறும் குச்சியாக நிற்கும். தீப்பிடித்து அணைந்ததுபோல இருக்கிறதே என்று என் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் கேட்டார். கோத்தகிரிக்காரர்களான எங்களுக்கு அது நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலை. சில வாரம் கழித்து அந்தக் குச்சியின் அருகே குனிந்து பாருங்கள். சாம்பல் நிறப் பட்டையைப் பிளந்துகொண்டு அரிசிமணி அளவில் வெளிர்பச்சை முளைகள் எட்டிப்பார்க்கும். ஆண்டுக்கணக்காகப் பட்டைக்கடியில் உறங்கிக் கிடந்த அரும்புகள் அவை. மேலே கொழுந்து இருந்தவரை அவற்றுக்கு வேலை இல்லை. வெட்டு விழுந்ததும் முறை வந்துவிட்டது.

நம் உடம்பிலும் இப்படி உறங்கும் அரும்புகள் உண்டு. அவற்றை ஸ்டெம் செல் என்றும் குருத்தணு என்றும் சொல்கிறோம். நான் இருபத்தேழு ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் இதை இப்போது எழுத வைத்தது பாடப்புத்தகம் அல்ல, ஒரு பொடிப் பாக்கெட்.

எங்கள் வீட்டுக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் இருக்கும் அக்காவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சிறு பிள்ளையாக இலங்கையிலிருந்து பெற்றோருடன் வந்து, நீலகிரியிலேயே கொழுந்து பறித்து வாழ்ந்தவர். முழங்கால் வலி. யாரோ டவுனில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டு, உடம்பில் ஸ்டெம் செல்லைப் பெருக்கும் பொடி, முதுமையே வராது என்று பேசியிருக்கிறார்கள். பத்து நாள் கூலியைக் கொடுத்து ஒரு மாதத்துக்கு வாங்கிவிட்டார். பிரிப்பதற்கு முன் என்னிடம் கொண்டுவந்து காட்டி, "டீச்சரம்மா, இது உள்ளே போய் என்ன செய்யும்?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. பதில் சொல்லி முடிக்க மூன்று மாலைப்பொழுதுகள் ஆயின.

உடம்பின் செல்களில் பெரும்பாலானவை ஒரே வேலைக்கென்று ஆகிவிட்டவை. இரத்தச் சிவப்பணுவை எடுத்துக்கொள்ளுங்கள். பிராணவாயுவைச் சுமப்பதுதான் அதன் தொழில். அதற்கு உட்கரு கிடையாது. அதனால் பிளந்து இன்னொன்றை உண்டாக்க முடியாது. ஏறத்தாழ 120 நாள் உழைத்துவிட்டு அழிந்துபோகும். அழிந்ததை ஈடுகட்ட, ஒவ்வொரு நொடியும் சுமார் 20 லட்சம் புதிய சிவப்பணுக்கள் நம் எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. இவ்வளவுக்கும் மூலம் மஜ்ஜையில் இருக்கும் குருத்தணுக்கள்.

குருத்தணு என்று ஒன்றைச் சொல்ல அதற்கு இரண்டு குணங்கள் வேண்டும். தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வேறு வேலை செய்யும் செல்லாகவும் மாற வேண்டும். ஊட்டிப் பக்கம் உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விளைந்ததில் விதைக்கிழங்கை எடுத்து வைத்துவிட்டுத்தான் மீதியை மண்டிக்கு அனுப்புவார்கள். விதைக்கிழங்கையும் விற்றவன் அடுத்த போகத்துக்குக் கையைப் பிசைய வேண்டியதுதான். குருத்தணு அந்த விதைக்கிழங்கு.

பெயர் வந்த கதையும் சுவையானது. 1868இல் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் ‘ஷ்டாம்ட்செல்லே’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ஷ்டாம் என்றால் அடிமரம். கிளை பிரியும் வம்ச மரத்தின் அடிமரம் அவர் மனத்தில் இருந்தது. அப்படி ஓர் அணு உண்மையிலேயே உண்டு என்று கண்ணுக்குக் காட்டியது 1961இல், கனடாவின் டொரன்டோவில். ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் என்ற இருவர் கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜையைச் செலுத்தினார்கள். பத்து நாள் கழித்து மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு அணுவிலிருந்து கிளைத்து வந்தது என்று பிறகு உறுதியாயிற்று. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையின் அறிவியலுக்கு இது அடித்தளம்.

எல்லா உறுப்பிலும் குருத்தணு ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. குடலின் உள்பூச்சு மூன்று முதல் ஐந்து நாளில் புதிதாகிவிடும். மேல்தோலுக்கு ஏறத்தாழ நான்கு வாரம். தசையில் இருப்பவை பெரும்பாலும் தூங்கும். தசைநாரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்து, நார் கிழிந்தால் விழித்துக்கொள்ளும். இதயம் ஏறத்தாழப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. இதைக் கண்டுபிடித்த விதம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியது. அது அந்தந்தக் காலத்தில் பிறந்த செல்களின் மரபணுவில் பதிந்துவிட்டது. அந்தப் பதிவைக் கொண்டு இதயச் செல்களின் வயதைச் சுவீடன் விஞ்ஞானிகள் கணக்கிட்டு 2009இல் வெளியிட்டார்கள். இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் இதயத் தசைச் செல்கள் புதிதாகின்றன. எழுபத்தைந்தில் அரை சதவீதம்கூட இல்லை. ஆகையால் இதயத்துக்குச் சேதம் வந்தபின் குருத்தணு வந்து சரிசெய்யும் என்று காத்திருக்க முடியாது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் முன்பே அடக்கி வைப்பதுதான் அதற்குக் காப்பு.

இப்போது பொடி விற்பவர்கள் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். வயதாகும்போது குருத்தணுக்கள் குறைந்துபோகின்றன, அவற்றைப் பெருக்கினால் இளமை திரும்பும் என்பதுதான் அவர்கள் சொல்லும் கணக்கு. இரத்தக் குருத்தணு விஷயத்தில் அது அடிப்படையிலேயே தவறு. முதியவர்களின் மஜ்ஜையில் அவற்றின் எண்ணிக்கை குறைவதில்லை, கூடவே செய்கிறது. குறைவது திறமைதான். ஒவ்வொரு முறை பிளக்கும்போதும் மரபணுவைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும்போது பிழை சேரும். எழுபது வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல், பிழை ஏறிய ஒரு குருத்தணுவின் வாரிசுகள் இரத்தத்தில் கணிசமான பங்கைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று 2014இல் வந்த ஆய்வுகள் காட்டின. அவர்களுக்கு இரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மாரடைப்பு வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். எனவே நல்ல குருத்தணு என்பது ஓயாமல் பெருகும் குருத்தணு அல்ல. தேவையில்லாதபோது நன்றாக உறங்கி, தேவைப்படும்போது விழித்து, வேலை முடிந்ததும் மறுபடி உறங்கப் போவதுதான் நல்ல குருத்தணு.

இன்னொன்று, அது இருக்கும் இடம். 2005இல் கலிபோர்னியாவில் ஒரு கிழ எலியையும் இளம் எலியையும் இரத்த ஓட்டம் ஒன்றாகும்படி இணைத்துப் பார்த்தார்கள். கிழ எலியின் தசைக் குருத்தணுக்கள் மீண்டும் சுறுசுறுப்பாகக் காயத்தை ஆற்றத் தொடங்கின. அணு அதேதான், சுற்றுப்புறம் மாறியிருந்தது.

என் அப்பா கவாத்துக்கு முன் செய்யும் ஒரு வேலை எனக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வரும். பென்சில் தடிமனுள்ள வேர் ஒன்றைத் தோண்டி எடுத்துக் குறுக்காக வெட்டுவார். வெட்டுவாயில் டிங்க்சர் அயோடின் ஒரு சொட்டு. கருநீலமாக மாறினால் வேரில் மாவு சேர்ந்திருக்கிறது, வெட்டலாம். மஞ்சளாகவே நின்றால் கத்தியை உள்ளே வைத்துவிடுவார். சில வாரம் கொழுந்து பறிக்காமல் செடிக்கு ஓய்வு கொடுத்து, மறுபடி பார்ப்பார். மாவு இல்லாத வேரின் மேல் கவாத்து விழுந்தால் அரும்பு இருந்தும் முளைக்காது, தூர் காய்ந்துவிடும். ஓரிரு கிளைகளை இலையோடு விட்டு வெட்டுவதும் உண்டு. புது இலை வரும்வரை செடிக்குச் சோறு போட அந்தக் கிளை வேண்டும். அரும்பை யாரும் தூண்டுவதில்லை. வேரையும் மண்ணையும் ஓய்வையும் பார்த்துக்கொண்டால் அது தானாக வரும். குருத்தணுவுக்கு நாம் இயற்கையாகச் செய்யக்கூடியதும் இந்த அளவுதான்.

முதலில் தசை. இதற்குத்தான் மனிதர்களிடமே கிடைத்த உறுதியான சான்று உண்டு. 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் இருந்த சராசரி தொண்ணூறு வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்தசைப் பயிற்சி கொடுத்தார்கள். லேசான பயிற்சி அல்ல, எடை தூக்கும் பயிற்சி. ஒருவர் இடையில் நின்றுகொண்டார். மற்றவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதுத் தசையிலும் விழிக்க ஏதோ இருந்திருக்கிறது. கிழ எலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டபோது, அவற்றின் தசைக் குருத்தணுக்கள் காயத்தை ஆற்றும் வேகம் கூடியதை 2020இல் கண்டார்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. அப்படி நீண்டபடி இழுபடும்போது நாரில் நுண்ணிய கிழிசல் விழுந்து, ஓரத்தில் தூங்கும் குருத்தணு விழிக்கிறது. பழக்கமில்லாமல் அருவி பார்க்க இறங்கிய சுற்றுலாப் பயணிக்கு மறுநாள் தொடை கல்லாக இறுகுவது இதனால்தான். பழகிய காலுக்கு அதுவே பயிற்சி. ஆனால் நாற்பது ஆண்டு முதுகில் கொழுந்து மூட்டை சுமந்து சரிவில் நடந்த ஒரு பெண்ணிடம் போய் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவருடைய குறை உழைப்பில் இல்லை, உழைத்த உடம்புக்குக் கிடைக்காத ஓய்விலும் சத்திலும் இருக்கிறது. பணி ஓய்வு பெற்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட என்னைப் போன்றவர்களுக்குத்தான் அந்த உபதேசம் பொருந்தும்.

முழங்கால் குருத்தெலும்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அக்கா கேட்டதே அதைத்தான். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. தேய்ந்தால் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் சக்தி அதற்கு மிகக் குறைவு. விழுங்கும் எந்தப் பொடியும் அதை மறுபடி வளர்த்ததாக நிரூபணம் இல்லை. தொடைத் தசை வலுவானால் மூட்டின் பாரம் குறைந்து வலி தணியும் என்பது பல ஆய்வுகளில் கண்ட உண்மை. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது நல்ல தொடக்கம்.

அடுத்தது உறக்கம். மஜ்ஜைக் குருத்தணுக்கள் இரத்தத்துக்குள் இறங்குவதும் திரும்பப் போவதும் இரவு பகல் ஒழுங்கில் நடக்கின்றன என்று எலிகளில் 2008இல் கண்டறிந்தார்கள். 2015இல் இன்னொரு ஆய்வு. நான்கே மணி நேரம் தூங்கவிடாமல் செய்த எலியின் மஜ்ஜையை எடுத்து வேறு எலிக்குச் செலுத்தினால், அது வேர்பிடிக்கும் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. எலிக்குக் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் போதிய அளவு உறங்குவதால் யாருக்கும் கேடு வந்ததில்லை. மலையில் இருட்டியதும் குளிர் ஆளை உள்ளே தள்ளிவிடும். அந்த நேரத்தைக் கைபேசி பிடுங்கிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

மேல்தோலின் குருத்தணுக்களைக் கெடுக்கும் வெயிலைப் பற்றிச் சுருக்கமாக. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் குளிர்கிறது என்பதற்காக வெயில் சுடவில்லை என்று நினைக்கக் கூடாது. மெல்லிய மேகத்தையும் அந்தக் கதிர் ஊடுருவும். கொழுந்து பறிக்கும் பெண்கள் தலையில் துணி கட்டுவது நல்ல வழக்கம்.

புகையிலை. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று வெற்றிலையோடு வாயில் அடக்கிக்கொள்வது எங்கள் பக்கத்தில் இன்னும் நிற்கவில்லை. வாயின் உள்தோல் வேகமாகப் புதுப்பிக்கப்படும் தோல். அதன் அடியில் வேலை செய்யும் குருத்தணுக்களின் மேல் ஆண்டுக்கணக்காக நஞ்சை வைத்து அழுத்தினால் என்ன ஆகும் என்பதை வாய்ப்புற்றுநோய் பிரிவில் போய்ப் பார்த்தால் தெரியும். விட்டவர்களுக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. புகைப்பதை நிறுத்தியவர்களின் மூச்சுக்குழாயில், புகையால் கெடாமல் ஒதுங்கியிருந்த செல்கள் பெருகி இடத்தைப் பிடிப்பதை 2020இல் பிரிட்டன் விஞ்ஞானிகள் பார்த்தார்கள். பல பத்தாண்டுகள் புகைத்தவர்களிடமும் இது நடந்தது. மதுவும் அப்படித்தான். மது உடம்பில் சிதையும்போது வரும் அசிட்டால்டிஹைடு, இரத்தக் குருத்தணுவின் மரபணுவையே உடைக்கிறது என்று எலிகளில் 2018இல் காட்டியிருக்கிறார்கள்.

உணவில் அதிசயப் பண்டம் என்று ஒன்றும் இல்லை. நொடிக்கு 20 லட்சம் சிவப்பணு செய்ய மஜ்ஜைக்கு இரும்பு வேண்டும், ஃபோலிக் அமிலம் வேண்டும், பி12 வேண்டும், புரதம் வேண்டும். ராகிக் களியும் அவரைக் குழம்பும் கீரையும் இவற்றில் பெரும்பங்கைத் தந்துவிடும். பி12 மட்டும் செடியில் கிடைக்காது. பால், முட்டை, மீன், இறைச்சி இவற்றில் ஏதாவது வேண்டும். நீலகிரியில் நான் வாய் ஓயாமல் சொல்லும் ஒன்று உண்டு. சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்காதீர்கள். தேயிலையின் துவர்ப்பு, கீரையிலும் ராகியிலும் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். நாட்டுக்கே தேயிலை கொடுக்கும் பெண்கள் சோகையில் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சோகை என்றதும் இந்த மலையோடு பிறந்த இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். அரிவாள் செல் சோகை இந்தியாவில் இருப்பது முதன்முதலாக 1952இல் தெரியவந்தது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். இந்த நோயில் சிவப்பணு அரிவாள்போல் வளைந்து, 120 நாளுக்குப் பதில் பத்து இருபது நாளிலேயே உடைந்துவிடும். மஜ்ஜை மூச்சு வாங்க உழைத்தாலும் ஈடுகட்ட முடியாது. அதனால்தான் நோயாளிகளுக்கு ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கிறார்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறார்கள், குளிரில் நனையாதீர்கள் என்கிறார்கள். குருத்தணுவுக்குத் துணை நிற்பது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சிறிய மஞ்சள் மாத்திரைதான். குறையுள்ள மரபணு மஜ்ஜைக் குருத்தணுவிலேயே இருப்பதால், அதை மாற்றினால் நோய் தீரும். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் நடக்கிறது. நோயாளியின் குருத்தணுவையே வெளியே எடுத்து மரபணுவைத் திருத்தித் திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்கள் திருமணத்துக்கு முன்பே இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது மிக நல்லது.

பட்டினியைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். 24 மணி நேரம் பட்டினி போட்ட எலிகளின் குடல் குருத்தணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கத் தொடங்கின என்று 2018இல் ஒரு செய்தி வந்து உலகமெங்கும் பரவியது. அதே குழுவினர் 2024இல் சொன்னது அவ்வளவு பரவவில்லை. பட்டினிக்குப் பின் மறுபடி உணவு கொடுக்கும்போதுதான் குருத்தணுக்கள் பெருகுகின்றன, அந்தச் சமயத்தில் மரபணுக் கோளாறு ஒன்று நேர்ந்தால் கட்டி உண்டாகும் வாய்ப்பும் கூடுகிறது என்றார்கள். இதுவும் எலியில்தான். பெருகுவது எப்போதும் நன்மை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடித்துக் காலைவரை வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது.

பொடிக்கும் ஸ்டெம் செல் ஊசிக்கும் ஒரு வார்த்தை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இரத்தக் குருத்தணு மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை முறையான மருத்துவ ஆய்வுக்கு வெளியே செய்யக் கூடாது என்கிறது. முழங்காலுக்கு, சர்க்கரைக்கு, குழந்தையின் ஆட்டிசத்துக்கு என்று லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம், இது பதிவு செய்த ஆய்வா என்று கேளுங்கள். ஆய்வில் சேருகிறவரிடம் அந்தச் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. பொடி என்பது வயிற்றில் செரிக்கும் இன்னொரு உணவு. மஜ்ஜைக்குப் போய் எதையும் எழுப்பாது.

மூன்றாம் மாலை நானும் அக்காவும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். அக்காவின் ஹீமோகுளோபின் 8.9, சோகைதான். இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். "இவ்வளவு நாள் மூச்சு வாங்கியது வயசினால் என்றுதானே நினைத்தேன்" என்றார் வழியில். இப்போது மதியச் சோற்றுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுகிறார். சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து எழுந்து உட்காருகிறார். முதல் நாள் நான்கு முறை, போன வாரம் ஒன்பது.

எங்கள் கீழ்ச்சரிவு இந்த ஆண்டு கவாத்துக்கு வருகிறது. வேர் தோண்டிப் பார்க்கும் அன்று வந்து நிற்கும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அயோடின் சொட்டு விழுந்து வேர் கறுக்குமா என்று பார்க்க அவருக்கும் ஆசையாக இருக்கிறதாம்.